நாலாவது லைன்

மாமியாருக்கு டி.வி. வாங்கிக் கொடுப்பது என்று அவர் முடிவு செய்தார். ஒன்றல்ல. அறைக்கு ஒன்று. ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மாப்பிள்ளை என்று பிறந்த எவனும் இதுவரை செய்யாத காரியம். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உதித்த யோசனை. வாயில் நுரையோடு நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மனசு தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே பிரமிப்பாக இருந்தது.

பெரிய மனசாவது ஒன்றாவது. எல்லாம் ஒரு நாற்காலிக்காக.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். ஊரில் பாதிப் பேர் பஸ் நம்பரைத் தூரத்திலேயே படித்துவிட்டு ஓடிப்போய் ஏறுவது அவர் புண்ணியத்தில்தான். அடுத்தவர் பார்வையில் ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். தன் மூக்குக்குக் கீழே நடப்பது மட்டும் தெரியாது. இந்தக் கதையில் அவர் பட்ட பாடெல்லாம் அதனால் வந்ததுதான்.

நாற்காலி அவர் வீட்டு ஹாலில், பெரிய டி.வி.க்கு நேர் எதிரே கிடந்தது. நல்ல சாய்வு நாற்காலி. பகலெல்லாம் நின்றபடி ஊரார் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிற மனிதர், சாயங்காலம் அதில் சாய்ந்து ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கிப் போட்டார். வாங்கிப் போட்டது அவர். சாய்ந்தது மாமியார்.

மாமியார் குடியிருந்தது பின் வீட்டில். நடுவில் ஒரு முற்றம், ஒரு கொல்லைக் கதவு, அவ்வளவுதான் தூரம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு கிரீச் என்னும். கண்ணாடிக்காரர் தானாக எழுந்துவிடுவார். அவரை யாரும் எழுந்திருக்கச் சொன்னதே கிடையாது. "உக்காருங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளைக்கு முக்காலி. பிறகு வரிசையாகத் தொடர்கள். ஒரு மருமகளை மாடிப்படியில் உருட்டிவிடுவார்கள். அவள் எழுந்து வருவதற்குள் இன்னொரு தொடரில் இன்னொருத்தி உருளுவாள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. நாற்காலி சும்மா இருக்காது. வாரத்துக்கு ஒரு சாண் டி.வி.யை நோக்கி நகரும். மாமியார் உட்கார்ந்தபடியே காலால் உந்தி உந்தி முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஹாலின் நடுவில் இருந்த நாற்காலி இப்போது திரைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி நின்றது. முக்காலியிலிருந்து பார்த்தால் மாமியாரின் கொண்டைதான் தெரியும். கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற ஆசாமி, நாற்காலி ஏன் நகர்கிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. தன் சொத்து தன்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்ற துக்கத்திலேயே இருந்தார்.

மாமியார் லேசுப்பட்டவர் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க வேலை பார்த்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். ஊரில் எந்த வீட்டோடு எந்த வீடு பேச வேண்டுமானாலும் அந்த அம்மாள் கையால் ஒயரைச் செருகினால்தான் உண்டு. வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசிய காலம் அது. மூன்று நிமிஷம் ஆனதும், நீட்டிக்க வேண்டுமா என்று குறுக்கே அந்த அம்மாளின் குரல் வரும். பெரிய பெரிய மனிதர்களெல்லாம் அந்தக் குரலுக்குப் பயந்து பாதி வார்த்தையை விழுங்கியிருக்கிறார்கள். அதைப்பற்றி மாமியாரே ஒரு தடவை சொல்லியிருந்தார். ஜனங்கள் முதலில் மழை பெய்கிறதா, உடம்பு சௌக்கியமா என்று கேட்டே நேரத்தைத் தின்பார்களாம். முடியப்போகிற நேரத்தில்தான் விஷயத்துக்கு வருவார்களாம். "அப்பதான் வெட்டணும் மாப்பிள்ளை. அப்ப வெட்டினா, நாம என்ன சொன்னாலும் கேப்பாங்க." கண்ணாடிக்காரர் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார்.

அவர் மனைவி ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் இருந்தாள். அம்மா இணைப்புக் கொடுக்கிறவர், மகள் இடம் கொடுக்கிறவள். இரண்டு பேரும் மனசு வைத்தால்தான் கொடுப்பார்கள். வீட்டில் அவர் எதைக் கேட்டாலும் மனைவியின் பதில் ஒன்றுதான்: காத்திருப்போர் பட்டியல். நண்பர்களோடு இரண்டு நாள் வெளியூர் போய்வர அனுமதி கேட்டு, அது பட்டியலில் இன்னும் இருக்கிறது. நகர்கிற அறிகுறியே இல்லை.

ஆனால் அவரும் ஒரு பட்டியல் வைத்திருந்தார் என்பதை இங்கே சொல்லாவிட்டால் பாவம். மாமியார் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, எழுத்தெல்லாம் புகை மூட்டமா தெரியுது. ஒரு தரம் பாக்கறீங்களா?" என்பார். "நாளைக்கு அத்தை" என்பார் இவர். ஊரார் கண்ணுக்கு வைத்தியம், வீட்டார் கண்ணுக்கு வாய்தா. லென்ஸ்கள் அடுக்கிய சோதனைப் பெட்டி ஒன்று வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதைத் திறக்கத்தான் நேரமில்லை. வீட்டு மனுஷிதானே, எங்கே போகப்போகிறார்?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிரிக்கெட் இறுதி ஆட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற கோப்பை. போன தடவை இறுதி ஆட்டத்தின் போது ஒரு தொடரில் நிச்சயதார்த்தம் நடந்து, அவர் ஆட்டத்தை வானொலியில் கேட்டார். இந்தத் தடவையும் அப்படி ஆனால் தாங்க மாட்டேன் என்று மனசுக்குள் சபதம் போட்டார். சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டவர்களை அவருக்குத் தெரியும். அவர் மாமனார் கடைசி வரை பேசாமலே இருந்துவிட்டார். ஆகவே யுக்திதான் வழி. மாமியார் இங்கே வருவானேன்? அங்கே நல்ல டி.வி. இல்லை, ஒரு பழைய சின்னப் பெட்டிதான் இருக்கிறது, அதனால்தானே? எந்த அறைக்குப் போனாலும் டி.வி. இருந்தால் கொல்லைக் கதவைத் திறக்க வேலையே இருக்காது.

அன்றே டிஷ் கடைக்குப் போனார். கடைக்காரர் விளக்கியதைக் கேட்டு வாயைப் பிளந்துவிட்டார். மொட்டை மாடியில் ஒரே ஒரு டிஷ். அது ஆகாயத்திலிருந்து படத்தை வாங்கி மெயின் பெட்டிக்குக் கொடுக்கும். மெயின் பெட்டி மற்ற அறைகளில் இருக்கிற குட்டிப் பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அறைக்கு ஒரு சேனல், யார் எதைப் பார்த்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. எங்கோ வானத்தில் சுற்றுகிற ஒன்று, தன் மாமியாரின் சமையலறை வரை வந்து தொடர் காட்டப் போகிறது என்று நினைத்தபோது கண்ணாடிக்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. விஞ்ஞானம் வாழ்க என்றார். ஒரு மெயின், மூன்று குட்டி, மொத்தம் நாலு பெட்டியாகத்தான் தருவார்களாம். வீட்டில் மூன்று அறைதானே இருக்கிறது என்று ஒரு கணம் தயங்கினார். இருக்கட்டும், வாசல் வராந்தாவில் ஒன்றை மாட்டிவிடலாம், அந்த அம்மாள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மருமகள் உருளட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் சொல்வதற்கு ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தார். வயதான காலத்தில் அத்தை தினமும் முற்றத்தைத் தாண்டி வருவது தன் நெஞ்சை அறுக்கிறது என்று ஆரம்பித்து, பெற்ற தாய்க்குச் சமம் என்று முடிப்பதாக ஏற்பாடு. நெஞ்சை அறுக்கிற இடத்திலேயே மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எத்தனை பெட்டி?"

"நாலு."

"நாலா?"

"நாலு."

"அப்பச் சரி," என்றாள்.

காத்திருப்போர் பட்டியல் இல்லை, கேள்வி இல்லை. கேட்ட உடனே இடம் உறுதி. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. அவர் அசந்து நின்றார். கவுண்டரில் கேட்டவுடனே டிக்கெட் கிடைத்தால் அது எந்த ஊர் வண்டி என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தோஷத்தில் அவர் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை டிஷ்காரர் ஏணியோடு வந்தார். மாமியார் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளைத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்து மல்லாந்தது. சுவரில் துளை போட்டார்கள், ஒயரை இழுத்தார்கள், வீடெங்கும் சுண்ணாம்பு உதிர்ந்தது. கண்ணாடிக்காரர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு டி.வி.யும் உயிர் பெற்றபோது ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்பட்டார்.

மாமியார் ஆச்சரியப்படவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டிஷ்காரரைக் கேள்வி கேட்டார். அதுவும் எப்படிப்பட்ட கேள்வி. இதில் மெயின் எது? மெயினை அணைத்தால் மற்றது என்ன ஆகும்? அதுவும் அணைந்துவிடும் என்றார் டிஷ்காரர். எந்த அறையில் எது ஓடுகிறது என்று மெயினில் தெரியுமா? தெரியும், திரையில் நாலு வரியாக வரும் என்றார். இங்கிருந்தே ஒரு லைனை மட்டும் வெட்ட முடியுமா? டிஷ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மேலதிகாரிகூட அவரை இவ்வளவு கேட்டதில்லை போலிருக்கிறது.

"முடியும்மா. பூட்டு இருக்கு, நம்பர் போட்டா திறக்கும். வீட்டுல குழந்தைங்க இருந்தா, பரீட்சை சமயத்துல பூட்டி வைப்பாங்க. உங்க வீட்டுல குழந்தைங்க இருக்கா?"

மாமியார் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "ஒண்ணு இருக்கு" என்றார்.

கண்ணாடிக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். குழந்தை எதுவும் கண்ணில் படவில்லை. அத்தைக்கு இன்றைக்கு நல்ல உற்சாகம், வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு தானும் சிரித்தார். மெயின் பெட்டி தன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று மாமியார் சொன்னபோது முதலில் தலையாட்டியதும் அவர்தான். நாலாவது பெட்டியை எங்கே மாட்டுவது என்று டிஷ்காரர் கேட்டார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், கடைக்கு நேரமாகிறது, நீங்கள் கிளம்புங்கள் என்றாள் மனைவி. அன்றைக்கு அவள் விடுப்பு எடுத்திருந்தாள். கண்ணாடிக்காரர் கிளம்பினார்.

அன்று சாயங்காலம் ஆறு மணி அடித்தது. கதவு கிரீச் எனவில்லை.

அவர் நாற்காலியை இழுத்து ஹாலின் நடுவில் போட்டார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், பழக்கதோஷம். மறுபடி உட்கார்ந்தார். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது! மின்விசிறிக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் தெரிந்தது. டி.வி.யைப் போட்டார். படம் பளிச்சென்று வந்தது. ஆட்டக்காரரின் நெற்றி வியர்வை தெரிந்தது, வியர்வையில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. டி.வி.க்குக் கீழே பச்சை விளக்கோடு ஒரு புதுக் குட்டிப் பெட்டி இருந்ததையும் பார்த்தார். பழைய பெட்டி பழுதாகிவிட்டது, மாற்றிவிட்டேன் என்றாள் மனைவி. படம் நன்றாக இருக்கிறதா என்றும் கேட்டாள். அவர் தொழில்காரராயிற்றே, படத் தெளிவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் சொர்க்கம். மாமியார் எட்டிப் பார்க்கவில்லை. பின் வீட்டு மூன்று அறைகளிலிருந்தும் மூன்று தொடர்களின் அழுகை மெல்லக் கேட்டது. தன் மூளையை நினைத்து அவருக்கே பயமாக இருந்தது. இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு வெறும் கண்ணாடி விற்றுக்கொண்டிருக்கிறோமே என்று வருத்தப்பட்டார்.

ஞாயிறு வந்தது. மத்தியானமே நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் என்றால் அது ஆட்டம். இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும். கடைசி இரண்டு ஓவர் பாக்கி. ஜெயிக்க வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எட்டாமலும் போகலாம். மட்டையாளர் காலில் தசை பிடித்துக்கொண்டு தரையில் படுத்தார். மருத்துவர் மைதானத்துக்குள் ஓடினார். கண்ணாடிக்காரரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். மருத்துவர் திரும்பிப் போனார். மட்டையாளர் எழுந்து நின்றார். பந்து வீச்சாளர் ஓடி வந்தார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு பூட்டு மட்டும் தெரிந்தது.

அவர் ரிமோட்டை அழுத்தினார். டி.வி. தலையில் தட்டினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போது கைபேசி அடித்தது. எடுத்தார். அந்தக் குரல் வந்தது. மாமியாரின் சாதாரணக் குரல் அல்ல. பெரிய மனிதர்களெல்லாம் பாதி வார்த்தையை விழுங்கினார்களே, அந்தக் குரல்.

"வணக்கம். உங்க மூணு நிமிஷம் முடிஞ்சுது. நீட்டிக்கணுமா?"

"அத்தை?"

"நீட்டிக்கணும்னா சோதனைப் பெட்டியோட வாங்க, மாப்பிள்ளை. எட்டு மாசமா நாளைக்கு நாளைக்குன்னீங்க. அந்த நாளைக்கு இன்னைக்குதான்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கால் புரிந்துகொண்டு ஓடியது. கொல்லைக் கதவருகே மனைவி நின்றிருந்தாள். அவள் கையில் அலமாரியில் இருந்த சோதனைப் பெட்டி. தூசு தட்டி, துடைத்து, பூட்டு திறந்து தயாராக இருந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் பாதிதான். மீதி வியப்பு. இப்படி ஒரு மூளைக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறோம் என்ற வியப்பு.

"நம்ம டி.வி.யும் அங்கதான் இணைச்சிருக்கா?"

"நாலு பெட்டி வாங்கினீங்க, அங்க மூணு அறைதானே? வீணாப் போகுமேன்னு ஒண்ணை நம்ம வீட்டுக்கு இழுத்தேன். எதுக்கு ரெண்டு இணைப்புன்னு பழசை எடுத்துட்டேன். ஓடுங்க, ஓவர் போகுது."

மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ரிமோட். மெயின் டி.வி.யின் ஓரத்தில் நாலு வரிகள் இருந்தன: ஹால், சமையல், படுக்கை, மாப்பிள்ளை. நாலாவதற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பூட்டு. நடுவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோவிலுக்குள் நுழைந்தவர் மாதிரி அவர் வாசலிலேயே நின்றார். ஸ்டூலைக் காட்டினார் மாமியார். அதில் உட்கார்ந்தால் டி.வி. முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

கண் சோதனை என்றால் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது. அவர் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சோதனை ஃபிரேமை மாமியாரின் மூக்கில் மாட்டினார். அப்போதும் பாருங்கள், அந்த மனிதருக்கு ஒரு யுக்தி தோன்றியது. இங்கே எழுத்துப் பலகை இல்லை. அதனால் என்ன? திரைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஸ்கோர் ஓடுகிறது. அதைப் படிக்கச் சொன்னால் சோதனையும் ஆச்சு, ஆட்டமும் ஆச்சு.

"டி.வி.யில கீழ் வரி படிங்க அத்தை."

"புகையா இருக்கு."

லென்ஸை மாற்றினார். முதுகுக்குப் பின்னால் மைதானமே கத்தியது.

"இப்ப?"

"ஏதோ தெரியுது. எட்டு மாதிரி இருக்கு. மூணாவும் இருக்கலாம்."

கண்ணாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. எட்டு ரன் பாக்கி என்றால் ஒரு கதை, மூன்று ரன் பாக்கி என்றால் வேறு கதை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு வேகமாக லென்ஸ் மாற்றியதில்லை. போட்டார், எடுத்தார், திருப்பினார். வலது கண்ணை மூடினார், இடது கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏற்றிய லென்ஸ் எண்ணைப் பார்த்து அவரே திடுக்கிட்டார். இந்தக் கண்ணோடு இந்த அம்மாள் எப்படி இத்தனை நாள் நடமாடினார்? பக்கத்தில் வருகிறவர் யார் என்றே குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். நாற்காலி வாரத்துக்கு ஒரு சாண் நகர்ந்ததன் காரணம் இப்போதுதான் விளங்கியது. தன் கடையில் ஒரு வாடிக்கையாளர் இப்படி வந்திருந்தால், இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று திட்டியிருப்பார். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"உங்க டி.வி. பெருசு" என்றார் மாமியார், கேட்காமலே. "கிட்டக்க உக்காந்தா அதுல ஏதோ கொஞ்சம் தெரிஞ்சுது. அதான் வந்துக்கிட்டிருந்தேன்."

அவர் லென்ஸை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

"இப்ப படிங்க அத்தை."

"எட்டுதான். நாலு பந்துக்கு எட்டு."

"இப்ப?"

"மூணு பந்துக்கு ஆறு." குரல் மெல்ல மாறிக்கொண்டு வந்தது. "ரெண்டு பந்துக்கு ஆறு. ஏன் மாப்பிள்ளை, அந்தப் பையன் சட்டையில பேர் எழுதியிருக்கே. இத்தனை நாளும் இருந்துச்சா அது?"

"இருந்துச்சு அத்தை. அடுத்தது?"

"ஒரு பந்து. நாலு ரன்."

இன்னும் ஒரே ஒரு லென்ஸைக் கொஞ்சம் திருப்பி நிறுத்த வேண்டும். அதைத் திருப்பினால் வேலை முடிந்தது. கழுத்தைத் திருப்பினால் கோப்பை. பாதி திரும்பிய தாடையை மாமியார் இரண்டு விரலால் பிடித்து நேராக வைத்தார். "அசையாதீங்க மாப்பிள்ளை. நீங்க அசைஞ்சா எழுத்தும் அசையுது." வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்கிற வார்த்தை அது. தொழில் தர்மம் குறுக்கே வந்து நின்றது. லென்ஸைத் திருப்பினார். மாமியாரின் கண் விரிந்தது. வாய் தானாகத் திறந்தது. ஒரு சின்னப் பிள்ளை முதல் தடவை கடலைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பின்னால் எழுந்த இரைச்சலில் ஜன்னல் அதிர்ந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில், திரும்ப வேண்டும் என்பதே அவருக்கு ஒரு நொடி மறந்துபோனது.

"என்ன ஆச்சு அத்தை?"

"எவ்வளவு தெளிவு" என்றார் மாமியார். "அந்த நடுவர் போட்டிருக்காரே, தங்கக் கம்பி ஃபிரேம், அது மாதிரி உங்க கடையில இருக்கா?"

"ஆட்டம் என்ன ஆச்சு அத்தை?"

"ஆட்டத்தை யாரு பாத்தா? நான் ஃபிரேமைத்தான் பாத்தேன்." சொல்லிக்கொண்டே மெயின் பெட்டியை அணைத்தார். நாலு லைனும் ஒன்றாகச் செத்தன. சோதனை முடிந்ததும் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், நீங்கள்தானே எல்லாரிடமும் சொல்வீர்கள் என்றார். உண்மைதான். அவர்தான் சொல்வார்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் அது செய்தி. கண்ணால் பார்த்தால்தான் ஆட்டம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு முழு ஆட்டத்தின் சுருக்கம் மறுபடி போடுகிறார்கள் என்று நிகழ்ச்சிப் பட்டியலில் இருந்தது. அது வரை காதைப் பொத்திக்கொள்வது என்று முடிவு செய்தார். கடையில் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு மாமியாரின் லென்ஸை முதலில் தேய்த்தார். தங்கக் கம்பி ஃபிரேமில் தன் கையாலேயே பொருத்தினார். வந்தவர்களெல்லாம் "நேத்து ஆட்டம்..." என்று ஆரம்பித்தார்கள். பேசினால் பார்வை அளவு மாறிவிடும் என்று சொல்லி வாயை அடைத்தார். இப்படி ஒரு விதி எந்தக் கண் வைத்தியத்திலும் கிடையாது. ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள்.

மத்தியானம் கண்ணாடியை மாமியாரிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதைப் போட்டுக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், முற்றத்துக் கொடியில் காயும் துணியைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நரை வந்துவிட்டதே என்றார். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இனி ஒரு குறையும் இல்லை. அத்தைக்கு நல்ல கண், மூன்று அறையிலும் டி.வி. இங்கே வர இனி என்ன காரணம்? மனைவியிடம் கேட்டே விட்டார். இனி சாயங்காலம் நாற்காலி எனக்குத்தானே? "உறுதி" என்றாள் அவள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தார். பூட்டு இல்லை. படம் பளிச்சென்று வந்தது. தசைப்பிடிப்பு வந்தது, மருத்துவர் ஓடினார், திரும்பினார். எட்டு ரன், ஆறு ரன், நாலு ரன். நேற்று முதுகுக்குப் பின்னால் நடந்ததெல்லாம் இன்று முகத்துக்கு நேரே நடந்தது. ஒரே ஒரு பந்து பாக்கி. பந்து வீச்சாளர் ஓடத் தொடங்கினார்.

கதவு கிரீச் என்றது.

தங்கக் கம்பி ஃபிரேமில் விளக்கு மின்ன மாமியார் உள்ளே வந்தார். "உக்காருங்க மாப்பிள்ளை, உக்காருங்க. மூணு லைன்ல தொடர் ஓடுது, நாலாவது லைன்ல மட்டும் வேற என்னமோ ஓடுதுன்னு மெயின் காட்டுச்சு. ஏதோ கோளாறு போலிருக்கு, என்னன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். மாமியார் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தார்.

"அத்தை, ஒரே ஒரு பந்து. கடைசிப் பந்து மட்டும்."

"அதுவா?" மாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சேனலை மாற்றினார். "அவுட்டு, மாப்பிள்ளை. நேத்தே பாத்துட்டேன். உங்க லென்ஸ்ல அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சுது."